மூண்டாந்தரம் கேக்காத வீடு

மொன்றியல்
மாசி 9

என்ர மகள் சாம்பவிக்கு,

நானும் அம்மாவும் இங்க சுகம். நீயும் நகோயாவில குளிர் பிடிக்காமல் சுகமாய் இருக்கவேணும் எண்டு அம்மா காலமை விளக்கு வைக்கேக்க முருகனிட்டைச் சொல்லிப்போட்டா. அவவின்ர முழங்கால் இப்ப பரவாயில்லை. உன்ர அண்ணை பிருந்தன் ஞாயிறு ஞாயிறு லவாலில இருந்து வந்து போறான், அவன்ர சின்னன் பிள்ளை பாக்கிற கார்டரியில பழகின பிரெஞ்சில என்னை அதட்டுது. போனில சொன்னா நீ இடையில அப்பா அப்பா எண்டு மறிப்பாய், எனக்கும் சொல்ல வெக்கம், அதுதான் எழுதுறன். என்னை நினைக்க எனக்கே அரியண்டமாய்க் கிடக்கு பிள்ளை.

நீ வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மாவின்ர மகள் சியோரி பிரெஞ்சு படிக்க வாறாள், எங்கட வீட்டில வைச்சிருங்கோ, அந்தம்மா என்னைத் தன்ர பிள்ளை மாதிரிப் பாக்கிறா எண்டு சொல்லி நீ அனுப்பி ஆறு கிழமை. போன வியாழன் அந்தப் பிள்ளை மெட்ரோப் படியில மயங்கி விழுந்திட்டுது. பயப்பிடாதை, இப்ப எழும்பித் திரியுது. ஆஸ்பத்திரியில டொக்டர் என்னைப் பாத்து, இவ கடைசியா ஒழுங்காச் சாப்பிட்டது எப்ப எண்டு கேட்டார். எனக்குத் தெரியேல்லை. இருபத்தேழு வருசம் டவுன்டவுன் சாப்பாட்டுக்கடைக் குசினியில நிண்டு ஊர்பேர் தெரியாத சனத்துக்கெல்லாம் சமைச்சுப் போட்டவன், என்ர வீட்டுக்குள்ள இருந்த பிள்ளை சாப்பிட்டுதோ இல்லையோ எண்டு தெரியாமல் இருந்திருக்கிறன். தூ!

நடந்ததைச் சொல்லுறன். வந்த அண்டைக்கு நான் புட்டும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைச்சு, சாப்பிடுறீரோ எண்டு கேட்டன். குனிஞ்சு கும்பிட்டு வேண்டாம் எண்டுது. அடுத்த நாளும் கேட்டன், வேண்டாம். எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது. திரும்பி வாற கோப்பையை எனக்குக் கண்ணில காட்டக்கூடாது எண்டு உனக்குத் தெரியுந்தானே. என்ர கறியை அருவருக்கிறாள் எண்டு நினைச்சு, அதோட கேக்கிறதையும் விட்டிட்டன். அது காணாதெண்டு இன்னொரு கூத்து, பின்னேரம் தொட்டியில குளிச்சிட்டுத் தண்ணியைத் திறந்துவிடாமல் அப்பிடியே விட்டிட்டு வரும். ஆரோ குளிச்ச ஊத்தைத் தண்ணி! நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அடைப்பைப் பிடுங்கிறது, துப்பரவு தெரியாத பிறவி எண்டு அம்மாவுக்குப் புறுபுறுக்கிறது. வேற வீடு பாக்கச் சொல்லி அவள் படிக்கிற கொலிச்சுக்கு எழுதவும் வெளிக்கிட்டன். பிள்ளையின்ர முகம் வத்துதப்பா எண்டு அம்மா ரெண்டுதரம் சொன்னவ. பசிச்சாக் கேப்பாள், இது கனடா எண்டு நான் சொன்னனான். இந்த வாயாலதான் சொன்னனான்.

ஆஸ்பத்திரிக்கு உடுப்பு எடுக்க அவளின்ர அறைக்குள்ள போனன். மேசைக்குக் கீழ நூடில்ஸ் பேணியள், பத்தொன்பது, கழுவித் துடைச்சு ஒண்டுக்குள்ள ஒண்டாய் அடுக்கிக் கிடக்கு. பக்கத்து டெப்பனர் கடையில வாங்கினது. குசினிக்கு வந்து எங்களுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது எண்டு, கக்கூசுப் பைப்பில வாற சுடுதண்ணியில ஊறவைச்சுத் திண்டிருக்குது. எனக்கு அருவருத்துப்போச்சு. அவளை நினைச்சில்லை, என்னை நினைச்சு. பேந்து ஏன் பிள்ளை எண்டு கேக்க மெல்ல மெல்லச் சொல்லிச்சுது. அவையின்ர ஊரில முதல்தரமே ஓம் எண்டா சோத்துக்குப் பறக்கிற பறவாதி எண்டு நினைப்பினமாம், மூண்டாந்தரம் கேக்கேக்கதான் வாங்கவேணும் எண்டு தாய் சொல்லி வளர்த்ததாம். இந்த வீட்டில ஒரு சாப்பாட்டுக்கு ரெண்டாந்தரமே கேக்கேல்லை, அப்ப தனக்குச் சமைக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சிட்டுதாம். தொட்டித் தண்ணியும் அப்பிடித்தான். ஊத்தையை முதலே கழுவிப்போட்டுத்தான் தொட்டிக்குள்ள இறங்கிறவையாம், அந்தச் சுடுதண்ணியை மற்றவைக்கு விடுறதாம். எனக்கெண்டு விட்டதைத்தான் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊத்தியிருக்கிறன்.

எட கோதாரி, இது எங்கட பழக்கமெல்லோ! வந்த ஆளிட்டைச் சாப்பிடுறீங்களோ எண்டு கேக்கிறதே மரியாதையில்லை எண்டு வளர்ந்தனாங்கள். கோப்பையை வைச்சுப் போடுறது, போதும் போதும் எண்டு கையால மறைக்க மறைக்க இன்னும் ஒரு அகப்பை. அதை எப்ப விட்டனான் எண்டு யோசிச்சுப் பாத்தன். உனக்கு அப்ப பதினாறு வயசு. உன்ர பள்ளிக்கூடச் சிநேகிதி பக்கத்தில இருக்க நான் உனக்கு இன்னும் ஒரு பிடி புட்டு வைச்சன். வேண்டாம் எண்டா வேண்டாம், இங்க எல்லா வீட்டிலயும் ஒருக்காத்தான் கேப்பினம் எண்டு கத்திக் கோப்பையைத் தள்ளிப்போட்டு அறைக்குள்ள போயிட்டாய். அண்டைக்கு விட்டதுதான். உன்னில பிழை இல்லை, நீ சின்னப்பிள்ளை. நான்தான் ரோசத்தில விட்டன், பிறகு அது எனக்குச் சுகமாயும் போச்சு. ஒருக்காக் கேட்டிட்டா என்ர கடமை முடிஞ்சுது.

வெள்ளிக்கிழமை கொலிச்சில இருந்து ஒரு மனிசி வந்து, வேற வீட்டுக்குப் போறீரோ எண்டு அவளிட்டை எனக்கு முன்னாலயே கேட்டவ. இவை நல்லாப் பாக்கினம், நான்தான் சாப்பிட மறந்திட்டன் எண்டு சொல்லிச்சுது. எங்களைக் காட்டிக் குடுக்கேல்லை. மாத முடிவில திரும்ப வந்து கேப்பன் எண்டிட்டு அவ போயிட்டா. அண்டு இரவுச் சாப்பாட்டுக்கு நான் ஒண்டும் கேக்கேல்லை. சோத்தைப் போட்டன். வேண்டாம் எண்டுது. போட்டன். இல்லை இல்லை எண்டு குனிஞ்சுது. மூண்டாந்தரம் அகப்பையைக் கொண்டுபோக, ரெண்டு கையாலயும் கோப்பையைத் தூக்கி நீட்டிச்சுது. நாலுதரம் வாங்கிச் சாப்பிட்டுது பிள்ளை. அம்மா குசினிக்குள்ள போய் மூக்கைச் சிந்தினா. சனிக்கிழமை அந்தத் தொட்டித் தண்ணிக்குள்ள நானும் இறங்கினன். அருவருப்பாய்த்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டன். கண்ணை மூடிக்கொண்டுதான் கால் வைச்சன். நல்ல சூடு.

இனி உனக்கு ஒரு வேலை. சியோரி தாயிட்டை ஒண்டும் சொல்லாது. நீ போய் அவவுக்கு முன்னால இருந்து, உங்கட பிள்ளை எங்கட வீட்டில பட்டினி கிடந்தது, பிழை என்ர அப்பாவின்ர எண்டு சொல்லு. அவ உன்னை வீட்டை விட்டுப் போ எண்டாலும் சொல்லத்தான் வேணும். உனக்கு மூண்டு நேரமும் சோறு போடுற மனிசிக்கு மறைச்சு நீ அந்தச் சோத்தைத் திண்ணக்கூடாது.

கழுத்துக்குத் துணி சுத்திக்கொண்டு திரி, நேரத்துக்குப் படு. முருகன் உன்னை எந்த வீட்டிலயும் நல்லா வைச்சிருப்பான். சித்திரையில நீ வரேக்க எப்பிடியும் கத்துவாய், கத்து. உன்னட்டையும் கேக்கமாட்டன், போடுவன்.

உன்ர அப்பா
இரவிச்சந்திரன்