மாடியிலிருந்து எண்ணிய ஆறு கம்பங்கள்

செவ்வாய், மாலை நான்கு மணி

என் அன்பிற்கும் மரியாதைக்கும் உரியவருக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எப்போதும் எழுதுவேன். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. வேலையை விடப் போவதாகவும், ராஜினாமாக் கடிதம் மேஜை டிராயரில் தயாராக இருப்பதாகவும், நான் சரி என்று ஒரு வரி எழுதினால் மறுநாளே கொடுத்துவிட்டு ரயில் ஏறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் எழுதுகிறேன். சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இங்கத்திய செய்தி. மாதக் கடைசி வரை மழை இல்லை என்று உங்கள் வானிலை அறிக்கை சொன்னது சொன்னபடியே நடக்கிறது. பனிக்காலம் முடிவதற்குள் இப்படி ஒரு வறட்சி. ஏரியில் பாதித் தண்ணீர்தான். விடிகாலையில் மட்டும் ஏரிச்சாலையை மூடுபனி மூடிக்கொள்கிறது. எதிர்வீட்டுத் தச்சர் உங்களை நம்பிப் பலகைகளையெல்லாம் தெருவில் காயப் போட்டிருக்கிறார். யாராவது முணுமுணுத்தால், “நம்ம வானிலைக்காரரே சொல்லிட்டாரு, மாசக் கடைசிலதான் எடுப்பேன்” என்கிறார். நம் சின்னவள் உங்கள் குரலிலேயே வீட்டுக்கு அறிக்கை வாசிக்கிறாள். மதியத்துக்கு மேல் சமையலறையில் வெப்பம் கூடுமாம், அம்மாவின் பக்கம் யாரும் போக வேண்டாமாம்.

பால்காரருக்குக் கை தேறி வருகிறது. கட்டு அவிழ்க்க இன்னும் மூன்று வாரமாம். அதுவரை அவருடைய மச்சான் பால் ஊற்றுகிறார். சில வீட்டுக்கு இரண்டு தடவை ஊற்றிவிட்டுச் சில வீட்டை அடியோடு மறந்துவிடுகிறார்.

அந்த வெள்ளிக்கிழமை ஏரிச்சாலையில் லேசான பனிதான், ஆறு மணிக்குள் விலகிவிடும் என்று அறிக்கை சொன்னது. அதைக் கேட்டுத்தான் பால்காரர் வண்டியை எடுத்தார். வளைவில் கை நீட்டினால் கை தெரியவில்லையாம். வண்டி வாய்க்காலில் இறங்கிக் கை முறிந்தது. மறுநாள் காலை ரேடியோவில் உங்கள் அறிக்கை வந்தபோது நான் தைத்துக்கொண்டிருந்தேன். “நேற்று ஏரிச்சாலையைப் பற்றி நாங்கள் சொன்னது தவறு. அதை நம்பிச் சென்ற ஒருவர் காயமடைந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்” என்றுதான் அது தொடங்கியது. மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயிலையும் காற்றையும் சொல்கிற இடத்தில் தன் தவறை முதலில் சொல்கிறவரை நான் கேட்டதே இல்லை. பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியும் நான் யாரைக் கட்டிக்கொண்டேன் என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது, அதற்குப் பெருமை மட்டும் காரணம் இல்லை.

கீழிருந்து வந்த தகவல் பிழை என்று எழுதி முடித்துவிடுங்கள் என்று மேலதிகாரி சொன்னதையும், நீங்கள் மாட்டேன் என்றதையும் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை. கீழிருந்து தகவல் சொல்கிறவள் நான்தானே. வளைவில் கருவி எதுவும் இல்லை என்பதால், தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு, வளைவை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கும் மதகின் மேல் நின்று பத்து விளக்குக் கம்பங்களில் எத்தனை தெரிகிறது என்று எண்ணிப் போனில் சொல்வது மூன்று வருஷ வழக்கம். அந்த வெள்ளிக்கிழமை நான் மதகுக்குப் போகவில்லை. அசந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது ஐந்தே கால். ஓடிப்போய் மாடியில் நின்று எண்ணினேன். ஆறு தெரிந்தது. ஆறு என்று சொல்லிவிட்டேன். பனி பள்ளத்தில்தான் படுத்திருக்கும், மேட்டிலிருந்து எண்ணவே கூடாது என்று எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறீர்கள். மதகில் நின்றிருந்தால் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.

உங்களிடம் சொல்லப் பதினொரு நாள் ஆகிவிட்டது. முதல் நான்கு நாள் பயம். அதற்குள் உங்கள் கடிதம் வந்தது. பழியை உங்கள்மேல் போட்டுக்கொண்டு ராஜினாமா என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான்கு வருஷமாக உங்களைப் பிரிந்து இருக்கிறேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்று ஒரு வாரம் மூடிக்கொண்டே இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை பால்காரர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “தூங்கினது தப்பில்லம்மா, மாடில நின்னு எண்ணிட்டு மதகுல எண்ணின மாதிரி சொன்னீங்க பாருங்க, அதுதான் தப்பு” என்றார். அவருடைய மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். அது நியாயம்தான். நான் கிளம்பும்போது பால்காரரே கூப்பிட்டு, “ஐயாவை வேலைய விட வேணாம்னு சொல்லுங்க. தப்ப ஒத்துக்கிற ஆளு சொன்னாத்தான் நான் திரும்ப வண்டி எடுப்பேன்” என்றார்.

அதனால் நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன். டிராயரில் இருப்பதைக் கிழித்துப் போடுங்கள். எண்ணியவள் தவறாக எண்ணினாள் என்று அறிக்கையில் சொல்லுங்கள், உங்கள் மனைவி என்றும் சொல்லுங்கள். இனி எண்ணுவதற்கு வேறு ஆளைப் போட்டாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். லீவு கிடைக்கும்போது வாருங்கள். என்மேல் கோபம் இருந்தால் அதோடேயே வாருங்கள். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
மனைவி