அறுவடை எபிசோட்

அக்டோபர் 14, செவ்வாய்

கல்யாணமாகி வந்ததிலிருந்து ஸ்டெல்லா சிரித்து நான் பார்த்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். மன்னார்குடி பிடிக்கவில்லையா, என்னைப் பிடிக்கவில்லையா, தெரியவில்லை.

சாயங்காலம் எனக்குப் பிடித்த பழைய காமெடி சீரியலை யூடியூபில் போட்டேன். முதலில் வாடகை வீட்டு எபிசோட். ஒரே சாவி மூன்று பேரிடம் கைமாறும். ஒரு வசனம்கூட வீணில்லை. என் பட்டறையில் நன்றாகச் சுற்றிய மோட்டார் காயில் மாதிரி கச்சிதம். அவள் கொட்டாவி விட்டாள்.

அடுத்து, நான் எப்போதும் தள்ளிவிடும் எபிசோட் தானாக ஓடியது. பட்டணத்துத் தம்பதி அறுவடைக்கு ஊருக்கு வருகிறார்கள். படம் பிடித்ததோ புதிதாக நட்ட வயலில். நிறுத்தப் போனேன்.

"இருங்க! நட்டு நாலு நாள் ஆகல, அருவாளத் தூக்கிட்டு எறங்குறாரு பாருங்க!"

"அதான் தப்புங்கிறேன்."

"நீங்க என்ன வேளாண்மை ஆபீசரா? அந்தம்மா மூஞ்சியப் பாருங்க."

பார்த்தேன். அந்த நடிகைக்கும் தப்பு தெரிந்திருக்கிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு நாற்றைப் பிடுங்கி, முற்றிய கதிர் மாதிரி கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். பிரமாதம். இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருடா சிரிக்கிறது, நம்ம ஸ்டெல்லாவா?"