குசினி அலுமாரியில் ஜேர்மன் எழுத்து

மார்ச் 10, திங்கள்

காலை முழுக்கத் தூறல். தோர்ண்டன் ஹீத் ரயில் பிந்தியது. புது வேலை: வட லண்டனில் போருக்கு முந்திய வெள்ளை வீடு, தட்டைக் கூரை. பழைய குசினியை முழுதாகக் கழற்ற வேண்டும். முதலாளி சிவா அண்ணை: "புதன்கிழமைக்கு முதல் எல்லாம் ஸ்கிப்புக்குள்ள போகவேணும், ரவி."

மதியத்துக்குள் மூன்று அலுமாரி கழற்றி வாசலில் நிற்கும் ஸ்கிப்பில், அந்த இரும்புக் குப்பைப் பெட்டியில், எறிந்தேன். நான்காவதின் முதுகுப் பலகையில் பென்சில் எழுத்து. ஜேர்மன்! வியன்னாவில் பதினொரு வருடம் இருந்தவன் நான். லண்டன் வந்தபின் இந்த மொழி யாருக்கும் தேவைப்படவில்லை.

"இந்தத் தட்டை நான்கு விரல் இறக்கு. சமைக்கிறவள் குள்ளம். ஏணி ஏறக் கூடாது." கீழே இரண்டு எழுத்தில் ஒப்பம்.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

வாங்க: தூசு முகமூடி, பால், ப. மிளகாய்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுக்காரி கிளேருக்குக் காட்டினேன். டாக்டர், ஆங்கிலேயப் பெண். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஓர் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் கட்டிய வீடு என்று ஒரு பேச்சு இருந்தது. ஆதாரம்தான் இல்லை."

போனில் தேடினார். அந்த இரண்டு எழுத்தும் பொருந்துகின்றன! வியன்னாவில் தொழிலாளர் குடியிருப்புகள் கட்டியவர். நாஜிகளுக்குத் தப்பி இங்கே வந்தவர். இங்கே கட்டியது மிகக் கொஞ்சம். ஒரு குடியிருப்பின் படம். நான் விடியற்காலையில் பேப்பர் போட்ட அதே மாடிப்படி! அந்த அகலமான ஜன்னல் விளிம்பில் குளிருக்கு எத்தனை நாள் ஒதுங்கி இருந்திருப்பேன். கத்திவிட்டேன்.

சிவா அண்ணையோ, "உனக்கென்ன விசரே? ஸ்கிப்பை ஏத்த லொறி நாளைக்கு எட்டு மணிக்கு வருது" என்றார். கிளேர் முடிவைக் காலையில் சொல்வாராம். புதுக் குசினிக்கு ஏற்கெனவே ஓடர் கொடுத்தாயிற்று.

மார்ச் 12, புதன்

முதல் ரயில். ஏழு மணிக்கு ஸ்கிப்புக்குள் நான். ஒரு கதவு பிளந்து கிடக்கிறது. என் சுத்தியல் வேலை. வெட்கம்.

இரண்டாவது அலுமாரியை இழுக்கும்போது மறுமுனை திடீரென்று லேசானது. கிளேர், வீட்டுச் செருப்போடு, பிடித்துத் தூக்குகிறார். "புதியது வேண்டாம். இதையே திரும்பப் பொருத்த முடியுமா?"

முடியுமா என்று கேட்கிறார்!

சிவா அண்ணை வந்து சத்தம் போட்டார். பலகையை வாசித்துத் தமிழில் சொன்னேன். அண்ணை அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"எத்தினை நாள் வேணும்?"

"பத்து, அண்ணை."

"எட்டு எடு." லொறியை அவரே போன் செய்து நிறுத்தினார்.

மனைவி ராதா: "என்னப்பா, ஒரு அலுமாரிக்கு இவ்வளவு சந்தோசமே?" ஓம், ஓம்.

மார்ச் 13, வியாழன்

வெயில். பிளந்த கதவுக்குப் பசை, கவ்வி.

அலுமாரிகளைக் கவிழ்த்துத் துடைத்தோம். ஒன்றின் அடியில் இன்னும் நான்கு வரி. அதே கை, ஆனால் அவசரம். கிளேர் டோர்ச் பிடிக்க, சத்தமாக வாசித்தேன்.

"ஃபிரான்ஸ், இந்த ஊர்த் தச்சர்களோடு கையை ஆட்டித்தான் பேசுகிறேன். உன்னோடு மட்டும்தான் வாயால். வேலை முடிந்தாலும் நாளைக்கு வா."

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து, தச்சனின் தடித்த பென்சிலால் ஒரே ஒரு ஜேர்மன் சொல்:

"வாறன்."