குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இப்போது மனம் ஓடவில்லை. அம்மா தூங்கியபின் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் அவள் தலையணைக்கடியில் இருக்கிறது. விடியற்காலை பஸ்ஸில் உன் ஊருக்கு வேலைக்குத் திரும்பும் உன் தோழியிடம் இதைக் கொடுத்தனுப்புவேன்; எட்டு மணிக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

அப்பா ஒன்பது நாளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டப் போகவில்லை. சோறு இறங்காமல் சாராய பாட்டில் மட்டும் இறங்கியது. மூன்று நாளாக அதுவும் இல்லை. கால்களை அகட்டி, சுவரைப் பிடித்து நடக்கிறார். கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகின்றன. இன்று என்னை நீ என்று நினைத்து, "ரெண்டு ட்ரிப் அடிச்சேன், பசங்க ஒரே கூச்சல்" என்றார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் "குடிப்பாராம்மா?" என்று கேட்டதற்கு அம்மா, "அந்த வாசனையே ஆகாது டாக்டர்" என்றாள். குடி என்று சீட்டில் எழுதினால் பள்ளிப் பேருந்து வேலை போய்விடுமாம். வெளியே வந்து என் கையைத் தன் தலையில் வைத்து, "வாயைத் திறந்தே, என்னை உயிரோட பார்க்க மாட்டே" என்றாள். நாளை பத்து மணிக்குக் குளுக்கோஸ் ஏற்றப்போகிறார்கள்.

இன்று உயிரியல் மிஸ் பி1 வைட்டமின் நடத்தினார். அது உடம்புக்குள் துணைநொதியாக மாறுமாம். அது துணை நின்றால்தான் நொதிகள் சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கும். இல்லையென்றால் சர்க்கரை இருந்தும் மூளை பட்டினி கிடக்கும். "குடிக்கிறவங்களுக்கு இது வத்திப்போகும். பி1 ஊசி போடாம குளுக்கோஸ் ஏத்தினா, மிச்சம் இருக்கறதும் தீர்ந்துடும். போன ஞாபகம் திரும்பாமலே போகலாம்" என்றார். நான் மறுபடி மறுபடி கேட்டதும், "யாருக்கும்மா?" என்றார். சும்மாதான் மிஸ் என்றேன்.

அக்கா, மூன்று நாளாகக் குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுத்தது நான்தான். தெம்பு வரட்டும் என்று அம்மா சொன்னாள். ஒவ்வொரு தம்ளருக்கும் அப்பா "என் செல்லம்" என்றார்.

அம்மா உன் பேச்சை மட்டும்தான் கேட்பாள். கடிதம் கிடைத்ததும் போன் செய். டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் முதலில் அந்த ஊசியைப் போடுவார். வேலை போனால் போகட்டும்.

ஒன்பதரை மணி வரை பார்ப்பேன். நீ கூப்பிடவில்லை என்றால் நானே சொல்லிவிடுவேன். அதன்பிறகு அம்மா என்னோடு பேசமாட்டாள். நீயாவது பேசு, அக்கா.

உன் தங்கை