எடுத்துவிட்ட கோடு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான்கு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதில் தப்பே இல்லை. இதை மட்டும் பாதியில் கிழித்துப் போடாமல் படித்துவிடு. பாப்பாவுக்கு இருமல் குறைந்ததா? உன் மாமியார் வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் படுக்க ஒழுங்கான இடம் இருக்கிறதா என்று உன் அண்ணி கேட்கச் சொன்னாள்.

மாப்பிள்ளை கிரேன் ஏணியிலிருந்து விழுந்த மூன்றாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். விபத்து அறிக்கையை யார்டு சூப்பர்வைசர் இங்கிலீஷில் எழுதியிருந்தார். அதைத் திருத்தி டைப் செய்து தொழிலாளர் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே போகும் இங்கிலீஷ் எல்லாம் என் பென்சிலைத் தாண்டித்தானே போகிறது. இரண்டு மூன்று சொல் சேர்ந்து அடுத்த சொல்லுக்கு அடைமொழியாக நின்றால் நடுவில் சின்னக் கோடு போட்டு இணைக்க வேண்டும். அந்தக் கோட்டின் மேல் எனக்குள்ள பைத்தியம் உனக்குத் தெரியும். "மச்சானை விட்டா தட்டுக்கும் டம்ளருக்கும் நடுவுலகூட கோடு போடுவாரு" என்று மாப்பிள்ளை சொல்லிச் சிரிப்பார்.

அந்த மாதம் கிரேன் ஆபரேட்டர், அதாவது மாப்பிள்ளை, 'ட்வென்டி ஃபோர் அவர் ஷிஃப்ட்ஸ்' பார்த்தார் என்று சூப்பர்வைசர் எழுதியிருந்தார். கோடே இல்லை. நான் கைப்பழக்கத்தில் 'ட்வென்டி-ஃபோர்-அவர்' என்று இரண்டு கோடு போட்டேன். அதுதான் நடந்ததும். மூன்று ஆபரேட்டரில் ஒருவர் வேலையை விட்டு நின்றதிலிருந்து இவர் ஒரு நாள் முழுக்க கிரேன் மேலே, அடுத்த நாள் வீட்டில். விழுந்தது இருபத்திரண்டாம் மணி நேரத்தில், பட்டப்பகலில்.

மேனேஜர் பென்சில் குறியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குய்யா ரெண்டு கோடு?" என்று கேட்டார். அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒருவர் என்னிடம் இலக்கணம் கேட்டுவிட்டாரே என்று குஷி. மாப்பிள்ளை போய் மூன்று நாள்தான் ஆகியிருந்தது, அப்போதும் குஷி. இரண்டு கோடும் இருந்தால் ஒவ்வொரு ஷிப்டும் இருபத்து நான்கு மணி நேரம் என்றேன். 'ட்வென்டி'க்கு அடுத்த முதல் கோட்டை எடுத்தால் வெறும் நான்கு மணி நேர ஷிப்டு, அப்படி இருபது பார்த்தார் என்று ஆகிவிடும் என்றேன்.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "அப்ப முதல் கோடு வேண்டாம்" என்றார். "சார், அவர் என் தங்கச்சி புருஷன்" என்றேன். "தெரியும்யா. ஒரு எழுத்தையாவது மாத்தச் சொன்னேனா? பொய் எழுதச் சொன்னேனா?" என்றார்.

டைப் செய்யும்போது எடுத்துவிட்டேன். ஏன் என்று எத்தனையோ நாள் யோசித்தேன். உன் அண்ணி உடம்பு, என் வயசு என்று சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் இல்லை. பயம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். அவர் விழுந்ததற்கு முந்தின நாள் மதியம் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்து அனுப்பியதாக நீ விசாரணையில் சொன்னாய். நாலு மணி நேரம் வேலை பார்த்தவன் மீதி நேரம் எங்கே போனான் என்று கம்பெனி ஆட்கள் திருப்பிக் கேட்டார்கள். குடித்திருப்பான் என்றார்கள். வேறு வீடு இருந்திருக்கும் என்றுகூடப் பேசினார்கள். வருகைப் பதிவேடு மழையில் நனைந்து வீணாகிவிட்டதாம். வெளியே வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீ ஆபீஸ்லதானே இருக்க, நீயாவது சொல்லேன்" என்று கேட்டாய். "பேப்பர்ல அப்படித்தாம்மா இருக்கு" என்றேன். அந்தப் பேப்பரை அப்படி ஆக்கியவன் நான்தான் என்று உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

போன திங்கட்கிழமை தொழிலாளர் அதிகாரியிடம் போனேன். என் பென்சில் குறியோடு இருந்த சூப்பர்வைசரின் தாளை எறியாமல் வைத்திருந்தேன். அந்த அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, "கோடு போட்டது யாரு?" என்றார். நான் என்றேன். "எடுத்தது?" அதுவும் நான் என்றேன். உங்கள் மேலும் நடவடிக்கை வரும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கம்பெனி கேட்டில் என்னை உள்ளே விடவில்லை. தினமும் வணக்கம் வைக்கிற வாட்ச்மேன் என் கண்ணாடிக் கூட்டையும் குடையையும் ஒரு பையில் போட்டு, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு மறு விசாரணை. ஜெயிப்போம் என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி புருஷனுக்காக நான் பிற்பாடு போட்ட கோடு இது என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சூப்பர்வைசருக்கு இரண்டு பெண்கள், கல்யாண வயது. அவர் வாயைத் திறக்க மாட்டார். என் பேச்சு எடுபடாமல் போகலாம். நீ வந்து டப்பா கட்டிய நேரத்தை இன்னொரு தடவை சொன்னால், இந்தத் தாளோடு சேர்த்துக் கேட்பதாக அந்த அம்மா சொன்னார்.

வாம்மா. என்னோடு பேச வேண்டாம், பக்கத்தில் உட்காரவும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு உன் அண்ணி வருவாள், நான் வர மாட்டேன். பாப்பா வளர்ந்து கேட்பாள். அவளுடைய அப்பா எங்கேயும் போகவில்லை, மேலேயேதான் உட்கார்ந்திருந்தார் என்று அவளிடம் சொல்ல உன் கையில் ஒரு தாளாவது இருக்கட்டும்.

நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னிடம் மன்னிப்பு கேட்கக்கூடத் தைரியம் இல்லாத,
அண்ணன்