முள்ளைப் பார்த்துச் சொன்ன பதில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இருக்கிறோம், பெரிய குறை ஒன்றும் இல்லை, சின்னக் குறைகளைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு சொல்லும் இல்லையே. 'அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவர் சொன்ன பதில் எனக்குப் போதும், கொஞ்ச நாளைக்கு யாரும் என்னைக் கூப்பிடாதீங்க' என்று நீ அனுப்பிய செய்திக்குப் பிறகு நான் அனுப்பிய எதையும் நீ திறந்துகூடப் பார்க்கவில்லை என்று கைப்பேசி காட்டுகிறது. அதனால்தான் காகிதம். உறையில் என் கையெழுத்தைக் கண்டாவது பிரிப்பாய் என்று ஒரு கணக்கு. பிரித்துவிட்டாய் என்றால் முழுவதும் படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும், அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நீ சொன்ன எதுவும் அப்பா காதில் விழவில்லை.

நீ கூப்பிட்ட அன்று நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். நான்கு நாள் மழைக்குப் பிறகு நகரம் முழுவதிலிருந்தும் குழாய்த் தண்ணீர்ப் புட்டிகள் வந்து குவிந்துவிட்டன, ஒவ்வொன்றையும் சோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு வந்து சேரும்போது கால் இரண்டும் கழன்று விழும் போல் இருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே பாப்பா கூப்பிட்டாளா என்று கேட்டேன். 'கூப்பிட்டா, அரை மணி நேரம் பேசினா, நல்லா இருக்காளாம்' என்றார் உன் அப்பா. அரை மணி நேரம் பேசியவள் நல்லா இருக்கேன் என்று மட்டுமா சொல்லியிருப்பாள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெம்பு இல்லை. மறுநாள் உன் செய்தி வந்தது. அதை அவரிடம் நீட்டினேன், மூன்று தடவை படித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, 'நான் ஒண்ணும் தப்பா சொல்லலையே, ரொம்ப சந்தோஷம்மான்னுதானே சொன்னேன்' என்றார். எதற்குச் சந்தோஷம் என்றேன். 'அதெல்லாம் அவளே உன்கிட்ட சொல்லுவா' என்று நழுவிவிட்டார். அப்பாவும் மகளும் எனக்குத் தெரியாமல் ஏதோ பேசிவைத்திருக்கிறீர்கள், நான்தான் மூன்றாம் மனுஷி என்று நினைத்துக்கொண்டு பதினோரு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அவருக்கு அந்தப் பதினோரு நாளும் வசதியாகப் போயிருக்கும் என்று இப்போது புரிகிறது.

உண்மை வெளியே வந்தது அவருடைய ரேடியோவால். நான் இருபது வருஷமாக அந்த ஹாம் ரேடியோவைத் திட்டியிருக்கிறேன், மொட்டைமாடியில் துணி காயப்போட ஒரு கொடி கட்ட இடமில்லாமல் ஏரியல் கம்பி இழுத்திருக்கிறார் என்று. இவர் இங்கிருந்து 'என் குரல் கேட்கிறதா, இங்கே மழை' என்பார், இன்னொரு தேசத்திலிருந்து ஒருவர் 'கேட்கிறது, இங்கே வெயில்' என்பார், அதற்குப் பிறகு இருவரும் பேசினதற்கு அத்தாட்சியாக அட்டை அனுப்பிக்கொள்வார்கள். இதைத் தாண்டி இருபது வருஷத்தில் அந்தப் பேச்சு ஓர் அடி நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கிற யாரோ ஒருவர், முகம் தெரியாத ஆள், இரைச்சலுக்கு நடுவே உன் அப்பாவுக்கு ரேடியோவில் பெயராக இருக்கும் அழைப்புக் குறியைத் திருப்பிச் சொன்ன அன்று, அச்சகத்தில் மிஷினோடு மிஷினாகத் தேய்ந்து வருகிற அந்த மனிதர் அடுப்படிக்கு ஓடிவந்து, 'கேட்டுட்டான்டி, என்னைக் கேட்டுட்டான்' என்று கரண்டியோடு என் கையைப் பிடித்துக் குலுக்கியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஏரியலை அவிழ்க்கச் சொல்லி நான் உண்மையாகச் சண்டை போட்டதில்லை.

அவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு, உனக்கும் தெரியும், எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு எண்ணில் சொல்வார்கள். முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது, ஐந்துக்கு. இரண்டாவது வருகிற ஒலியின் பலம், ஒன்பதுக்கு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தாலும் சரி, பாதி வார்த்தை காற்றோடு போனாலும் சரி, ஐந்து ஒன்பது என்று சொல்லிவிடுவதுதான் அவர்கள் வழக்கம். நீ ஏழெட்டு வயதில் என் சமையலுக்குக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டே 'அஞ்சு ஒம்பதும்மா' என்று மார்க் போடுவாய். புட்டியில் என்ன இருக்கிறதோ அதை எழுதுவது என் தொழில், எனக்கு இந்த மரியாதை என்றைக்கும் பிடித்ததில்லை. போன மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வழக்கம் போல உள்ளூர்க்காரர்கள் பத்துப் பேரும் ரேடியோவில் கூடினார்கள், ஹெட்மாஸ்டர்தான் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறவர், ரிட்டயரான பிறகும் அவருக்கு யாரையாவது வரிசையில் நிற்கவைக்க வேண்டும். நான் அதே அறையில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டரின் முறை வந்தது. ஒரு ரீங்காரம் மட்டும் வந்தது, பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அதுவும் நின்றது. உடனே உன் அப்பா மைக்கை எடுத்து, 'ஐந்து ஒன்பது டாக்டர், இன்னைக்குக் குரல் கணீர்னு இருக்கு' என்றார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர், 'ஏம்ப்பா, அவர் மைக் ஒயர் அறுந்திருக்கும் போல, வாயிலிருந்து ஒரு எழுத்து வரலை, உனக்கு மட்டும் கணீர்னு கேக்குதா, காதா இல்ல வேற எதாவதா' என்றார். டாக்டர் வேறொரு கையடக்க ரேடியோவில் பேச வந்து, 'பேசாம இருந்தாலே நமக்கு இவ்வளவு நல்ல குரலாய்யா, இதை யாராவது என் வீட்டம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க' என்றார், இன்னும் சிரிப்பு. கேலியில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ரேடியோவின் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார், முள் விழுந்ததும், 'நன்றி, நன்றி, எல்லாருக்கும் வணக்கம்' என்று சொல்லி மைக்கை வைத்தார். கையிலிருந்த துணியை வைத்துவிட்டேன். யாராவது பேசினாலும், பேச்சில்லாமல் ரீங்காரம் மட்டும் வந்தாலும் முள் எழும்பும், நின்றால் விழும். இவர் காதால் கேட்கவில்லை, முள்ளைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப வராது. அவர் முதுகுக்குப் பின்னால் நான்கடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில், 'வீடு தீப்பிடிச்சு எரியுது' என்றேன். அவர் திரும்பாமலே, 'ம், நல்லது, நல்லது' என்றார். அந்த ஒரு வார்த்தையில் உன் செய்தி முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. போனில் முள் கிடையாது. நீ பேச்சை நிறுத்தும் இடமெல்லாம் பார்த்து ம் என்றும், நல்லது என்றும், ரொம்ப சந்தோஷம்மா என்றும் போட்டு நிரப்பியிருக்கிறார். வீடியோவில் வந்திருந்தால் உன் உதட்டையும் முகத்தையும் பார்த்து எப்படியாவது சமாளித்திருப்பார். அன்று நீ முகத்தைக் காட்டவில்லை என்று அவரே சொன்னார். ஏன் காட்டவில்லை என்று நான் கேட்கவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

காது மங்கி எட்டு மாதமாகிறதாம். கேட்டதற்குக் குழந்தை போல விரலை மடித்து எண்ணிச் சொன்னார். ஏன் மறைத்தீர்கள் என்று சத்தம் போட்டேன், சத்தம் போட்டதால் நன்றாகவே கேட்டது அவருக்கு. 'அவளே அவ்வளவு தூரத்துல தனியா இருக்கா, வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுறா, அதுலயும் என்னம்மா என்னம்மான்னு கேட்டு அவ உயிரை வாங்கணுமா' என்றார். ஊர் பேர் தெரியாத ஆளிடம் 'திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க' என்று பத்துத் தடவை கூச்சமில்லாமல் கேட்கிறவர், பெற்ற மகளிடம் ஒரு தடவை கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஒரே வீட்டில் இருக்கிற எனக்கு எட்டு மாதம் தெரியவில்லையே. கூப்பிட்டால் திரும்பமாட்டார், கடைக்குப் போனால் சொன்னதை விட்டுவிட்டு வருவார், இதெல்லாம் எல்லாப் புருஷன்களுக்கும் வருகிற செவிடு என்று விட்டுவிட்டேன். நான் களைத்து வருகிறேன், அவர் களைத்து வருகிறார், இரண்டு பேரும் பேசுவதே குறைவு, பேசாத வீட்டில் காது கேட்கவில்லை என்பதை யார் கண்டுபிடிப்பது.

அரை நாள் விடுப்புப் போட்டுக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்தம்மா ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்துத் தாளில் கோடு போட்டுக் காட்டினார். இருபத்தாறு வருஷம் அச்சு இயந்திரத்துப் பக்கத்தில் நின்றதன் விலை, கனத்த ஒலி எல்லாம் கேட்கிறது, மெல்லிய ஒலி பெரும்பாலும் போய்விட்டது, அதனால் குரல் கேட்டாலும் சொல் பிரியாது. 'முதல்ல போறது பெரும்பாலும் பொம்பளைங்க குரல்தான் சார்' என்றார். போனது இனிமேல் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், கருவி வைத்தால் பேச்சு புரியும் என்றார். இடது காதில் வைத்திருக்கிறோம். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் அது விசில் அடிக்கிறது, பழக ஒரு மாதமாவது ஆகும் என்கிறார்கள். என் குரல் தகரத்தில் ஆணியால் கீறுவது போலக் கேட்கிறதாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் ரேடியோவைத் தொடவே இல்லை, அந்த அட்டைகள் நிரம்பிய பெட்டிகளைக்கூடக் கட்டிப் பரணில் ஏற்றப் பார்த்தார். ஹெட்மாஸ்டரும் பல் டாக்டரும் விஷயம் தெரிந்து வீட்டுக்கு வந்தார்கள். டாக்டர் வாசலிலேயே, 'என் வாயை நானே பிடுங்கிக்கணும், எத்தனையோ பேருக்குப் பல்லைப் பிடுங்கினவன்' என்றார். உன் அப்பா சிரித்துவிட்டார். பேச்சு கேட்காவிட்டால் என்ன, மோர்ஸ் இருக்கிறதே, எழுத்தைப் புள்ளியும் கோடுமாகத் தட்டுவது, ஒரே ஒரு ஒலிதானே, அதைக் கனத்த சுருதிக்கு இறக்கி வைத்துக்கொண்டால் கேட்கும் என்று ஹெட்மாஸ்டர் அங்கேயே ரேடியோவைத் திருகிக் காட்டினார். கேட்டது. இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறார். சரியாகப் புரியாவிட்டால் இப்போதெல்லாம் ஐந்து என்று சொல்வதில்லை, மூன்று என்றால் மூன்று என்றே அனுப்புகிறாராம், ஒன்றிரண்டு பேர் கோபித்துக்கொண்டார்களாம். இந்த வயதில் அவருக்கு வந்த இந்தப் புத்தியில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதோடு ஒரு தாளின் நகல் வைத்திருக்கிறேன். ரேடியோவில் பேசுகிறவர்களைத் தேதி, நேரம் போட்டு எழுதிவைக்கும் அவருடைய பதிவேட்டில், கடைசிப் பக்கங்களில் நீ போனதிலிருந்து உன் ஒவ்வொரு அழைப்பையும் எழுதியிருக்கிறார், பெயர் வரும் இடத்தில் பாப்பா, எண் வரும் இடத்தில் ஐந்து ஒன்பது. எனக்கு இது போன வாரம் வரை தெரியாது. காது டாக்டரிடம் போய்வந்த மறுநாள் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எட்டு மாதத்தையும் திருத்தியிருக்கிறார். ஐந்தை அடித்து நான்கு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு. நீ கடைசியாகக் கூப்பிட்ட நாளுக்கு ஒன்று. ஒன்று என்றால் ஒரு சொல்லும் புரியவில்லை என்று பொருள். இரண்டாவது எண்ணை மட்டும் எந்த வரியிலும் தொடவில்லை, எல்லாம் ஒன்பதாகவே இருக்கிறது. இதை ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். 'அது பாப்பா குரலோட பலம், அதுல ஒரு குறையும் இல்ல, கேக்குற பக்கம்தான் கெட்டுப்போச்சு' என்றார்.

நீ அன்று என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. வேலையா, உடம்பா, மனசா, நான் ஊகிக்கப் போவதில்லை, ஊகித்து ஊகித்து அலுத்துவிட்டது. அது எதுவாக இருந்தாலும், அதற்கு ரொம்ப சந்தோஷம் என்று இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். எழுது. நாலு வரியானாலும் போதும், ஆனால் நலம் என்று ஆரம்பிக்காதே, ஐந்து என்றால் ஐந்து, ஒன்று என்றால் ஒன்று என்று உள்ளதை உள்ளபடி எழுது. வரச் சொன்னால் விடுப்புப் போட்டுவிட்டு வருகிறேன், திரும்பி வருகிறேன் என்றாலும் உன் அறை அப்படியேதான் இருக்கிறது, கட்டிலில் இருக்கும் அப்பாவின் அட்டைப் பெட்டிகளை மட்டும் எடுக்க வேண்டும்.

எந்தக் கஷ்டமும் உன்னை நெடுநாள் தனியாகப் பிடித்து வைத்திராமல் போகட்டும், உன் மனசுக்குத் தெம்பும் உடம்புக்குத் தூக்கமும் கிடைக்கட்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். குளிர்காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ளாதே, நான் காது டாக்டர் கோடு போட்ட அந்தத் தாளைப் பார்த்தவள்.

கீழே இருப்பது அவர் எழுதியது, நான் கை வைக்கவில்லை.

என்றும் உன்
அம்மா

பாப்பா, திரும்பச் சொல்லு. கேட்டுக்கிட்டு இருக்கேன்.
அப்பா