தொட்டிக்காரருக்கு ஒரு ஜோடி சாக்ஸ்

ஏப்ரல் 3, 1973, செவ்வாய்

சாக்ஸில் கணுக்கால் வரை முடிந்தது. நாளை குதிகால். மனசுக்குள் ஒரே கும்மாளம், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள முடியாது. பக்கத்திலேயே அப்பா.

தெருவோரப் பனி கறுத்துப்போய்க் குவிந்து கிடக்கிறது. குளிர்காலம் முழுக்க ஊர் ஜனம் தொலைத்த கையுறைகள் அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீட்டுகின்றன. இன்று இரண்டை எடுத்து வேலியில் மாட்டினேன். எங்கள் பொதுக் குளியலகத்தில் குளிக்க வருகிறவர்கள் எல்லாம் சேற்றோடு வருகிறார்கள். வாசல் பலகையைத் துடைத்துத் துடைத்து என் இடுப்பு போச்சு.

கல்லாவில் உட்கார்ந்து பின்னினேன். இடது பக்கம் ஆண்கள் உடை மாற்றும் இடம், வலது பக்கம் பெண்களுடையது, நடுவில் நான், மடியில் ஐந்து ஊசி. "யாருக்கும்மா இது?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "சும்மா, கை பழக" என்று சொல்லிவைத்தேன். நாகுமோவுக்கு என்று தெரிந்தால் அப்பா நூலோடு என்னையும் தூக்கி அடுப்பில் போட்டுவிடுவார். நாகுமோ வீடு வீடாகப் போய்க் குளியல் தொட்டி பொருத்துகிறவர். ஒரு வீட்டில் தொட்டி வந்தால் எங்கள் குளியலகத்துக்கு ஒரு குடும்பம் குறையும். "நம்ம வயித்துல அடிக்கிறவன். இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று புது வருஷத்தன்றே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

எனக்கு முப்பத்தெட்டு வயசு. அப்பாவின் சம்மதம் கேட்காமலே நாகுமோவோடு கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அம்மா போனபிறகு நானும் அப்பாவும்தான். அவரை முறைச்சிக்கிட்டுப் போக என்னால முடியாது. வாயால் ஒரே ஒரு 'சரி' சொல்லட்டும், போதும். சொல்ல மாட்டேங்கிறாரே!

ஏப்ரல் 5, வியாழன்

குதிகால் என்று ஒன்றைக் கண்டுபிடித்தவன் யார்? அவன் கையில் கிடைக்கட்டும்.

ஏப்ரல் 6, வெள்ளி

பிரித்தாச்சு. மறுபடி பின்னியாச்சு. மறுபடி பிரித்தாச்சு. குதிகால் இருக்கவேண்டிய இடத்தில் பை மாதிரி ஏதோ தொங்குகிறது.

மீன்கடை கியோமி அக்கா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். இந்த ஊரில் என் விஷயம் முழுசாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "ஏண்டி, இது சாக்ஸா, மீன் போடுற பையா?" என்றாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ஈரக் கையோடேயே வாங்கி, எங்கே கண்ணி எடுக்காமல் விட்டேன் என்று காட்டிக்கொடுத்தாள். அவள் போனபிறகு நூலில் ஒரே ஹெர்ரிங் மீன் வாடை. இந்த வாரம் கடல் முழுக்க அதுதான், ஊர் முழுக்க அதுதான், இப்போது சாக்ஸிலும் அதுதான்.

ஏப்ரல் 10, செவ்வாய்

மானம் போச்சு.

சாயங்காலம், கூட்டம் நெரிகிற நேரம். மடியில் இருந்த நூலுருண்டை நழுவி ஆண்கள் பக்கம் விழுந்தது. விழுந்ததோடு நிற்காமல் உடை மாற்றும் இடத்தின் நடுவே உருண்டு உருண்டு போகிறது. நான் நூலைப் பிடித்து இழுக்க இழுக்க அது இன்னும் வேகமாகப் போகிறது. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

கல்லாவில் உட்கார ஆரம்பித்த வயசிலேயே அப்பா சொன்னது: ஆம்பளைங்க பக்கம் திரும்பினா காலை மட்டும் பாரு. மேலேயும் வேண்டாம், நடுவுலேயும் வேண்டாம். அன்றிலிருந்து இந்த ஊர் ஆண்களை எல்லாம் எனக்குக் காலால்தான் தெரியும். இரண்டு கால்கள் என் முன்னே வந்து நின்றன. பெருவிரல் நகம் கறுப்பு, இடது சுண்டுவிரல் மடங்கி இருக்கிறது. "நன்றி, தபால்காரரே" என்றேன் தலை நிமிராமல். "எப்படிம்மா கண்டுபிடிச்சே!" என்று ஆச்சரியப்படுகிறார் மனுஷன். துண்டு கட்டியிருந்தாரா இல்லையா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஏப்ரல் 14, சனி

முதல் சாக்ஸ் முடிந்தது! கருநீலம், விளிம்பில் வெள்ளைக் கோடு. தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம்... நீளமோ?

நாகுமோவின் வெறும் காலை நான் பார்த்ததே இல்லை. நாங்கள் போகிறதெல்லாம் நாற்காலி போட்ட நூடுல்ஸ் கடைகள், அங்கே செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. எப்போதும் அந்த இரும்பு முனை வைத்த வேலை பூட்ஸ்தான். அதைக் கண்ணால் அளந்துகொண்டேன். காலைப் பார்த்தே அளவு சொல்கிறவள் நான், எனக்கா தப்பும்?

ஏப்ரல் 15, ஞாயிறு

தப்பியது.

நாகுமோவைத் துறைமுகத்தில் பார்த்தேன். வேனுக்குள் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். ஐயோ, எவ்வளவு சின்ன கால்! பூட்ஸுக்குள் பழைய துணியை அடைத்து வைத்திருக்கிறார், கடையில் அந்த அளவுதான் இருந்ததாம். சாக்ஸை மாட்டினார். விரலுக்கு முன்னால் இன்னொரு கால் நுழையும் போல இடம். சாக்ஸின் குதிகால் அவர் கணுக்காலுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"நல்லா காத்தோட்டமா இருக்கு" என்கிறார் முகத்தில் சிரிப்பே இல்லாமல். அப்புறம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மேட்டில் பறித்துவந்த முதல் ஃபுகி மொட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார், பனி உருகியதும் தரையைப் பிளந்துகொண்டு வருகிற அந்தக் கசப்பு மொட்டுதான். அப்பாவுக்குப் பிடிக்குமே என்று நான் சொல்லியிருந்தேனாம். ராத்திரி மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தேன். அப்பா ஒன்றுவிடாமல் தின்றார். எங்கே பறித்தாய் என்று கேட்டார். மேட்டில் என்றேன், பொய் இல்லை.

ஏப்ரல் 17, செவ்வாய்

இன்று காலை நடந்ததை எழுதவே கை வரவில்லை.

கொதிகலன் அடுப்புக்கு விறகு போட எழுந்த அப்பா, நான் திரும்பக் கொண்டுவந்து நூல் கூடையில் போட்டிருந்த சாக்ஸை வலது காலில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்! அச்சு வார்த்த மாதிரி பொருந்தியிருக்கிறது. "கை பழகுறேன் கை பழகுறேன்னு சொல்லிட்டு... எனக்குத்தான்னு முதல்லயே தெரியும் கழுதை" என்றார். கண் கலங்கியிருந்தது. அப்பாவுக்கா? புகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புகை இல்லை.

நான் போய் இரண்டாவது சாக்ஸுக்குக் கண்ணி போட ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 18, புதன்

குளிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் கல்லாவிலிருந்து காலைத் தூக்கிக் காட்டுகிறார். ஒற்றைச் சாக்ஸோடு! "எம்பொண்ணு பின்னுது. அடுத்தது வந்துக்கிட்டு இருக்கு." தபால்காரர் தொட்டுப் பார்த்தாராம். ரொட்டிக் கடைக்காரர் பொறாமைப்பட்டாராம்.

கியோமி அக்கா என்னைப் பார்க்கிறாள், நான் கூரையைப் பார்க்கிறேன். "சீக்கிரம் சொல்லிடுடி. நாள் ஆக ஆக நாறும், மீன் மாதிரிதான்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 22, ஞாயிறு

இரண்டாவது சாக்ஸ் நகரவே மாட்டேன் என்கிறது. முதலாவதைப் பின்னும்போது ஒவ்வொரு வரியும் ஆசை. இது வெறும் கடன். ஒரே மாதிரி மறுபடியும், அதுவும் பொய்யைச் சேர்த்துப் பின்னுவது. ஒரு கண்ணி விட்டுப்போய் ஒன்பது வரி கீழே ஓடிவிட்டது. அதைப் பிடித்து ஏற்றவே மதியம் ஆனது.

மேகம் இல்லாத நாள். கதவை எல்லாம் திறந்து வைத்தோம். கடற்பறவை ஒன்று உள்ளே நடந்து வந்து, ஆண்கள் பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காமல் போய்விட்டது.

ஏப்ரல் 27, வெள்ளி

சொல்லிட்டேன். எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

ரெண்டாவது சாக்ஸ் மத்தியானம்தான் முடிஞ்சுது. அப்பா ரெண்டையும் போட்டுக்கிட்டு, காலை ஆட்டிக்கிட்டு, சந்தோஷமா உட்கார்ந்திருந்தார். அதோட விட்டிருக்கலாம். "அந்தத் தொட்டிக்காரனுக்கு இப்படிப் பின்னிக் கொடுக்க எவளாவது இருப்பாளா? பேஞ்ச பனியெல்லாம் உருகி ஓடுற மாதிரி அவனும் ஓடட்டும்" அப்படின்னார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "அவருக்குத்தான்ப்பா பின்னினேன்! அளவு தப்பிப்போய் உங்களுக்குப் பொருந்திடுச்சு!" என்று கத்திவிட்டேன். பெண்கள் பக்கம் தண்ணீர் மொள்ளும் சத்தம்கூட நின்றது.

அப்பா குனிந்து ஒன்றை உருவினார். அப்புறம் இன்னொன்றை. இரண்டையும் மடித்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு வெறுங்காலோடு கொதிகலன் பக்கம் போய்விட்டார்.

என்ன பொண்ணு நான்? அந்தக் காலைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 29, ஞாயிறு

பேச்சு இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார். மிசோ சூப்பில் உப்பு கூடிப்போனதற்குக்கூடத் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

சாக்ஸை அவர் செருப்புப் பக்கத்தில் வைத்தேன். அப்படியே இருக்கிறது.

மே 1, செவ்வாய்

விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"அவன்கூடப் போயிட்டா, அவன் தொட்டியிலதான் குளிப்பியா?"

இதுதானா? நாலு மாசமா இதுதானா உள்ளே கிடந்தது? நான் என்னவோ பெரிய பெரிய காரணம் எல்லாம் நினைத்தேன். பதில் சொல்லுமுன் அவரே சொன்னார்: "அஞ்சாந்தேதி வரச் சொல்லு. ஊரோட வரட்டும். காசு குடுத்து வரட்டும். ஓசி கிடையாது."

மே 3, வியாழன்

கோயில் மேட்டில் செர்ரி ஒரே ராத்திரியில் பூத்துவிட்டது. தெற்கில் எல்லாம் பூத்து உதிர்ந்து மறந்தே போயிருப்பார்கள், எங்களுக்கு இப்போதுதான். கியோமி அக்காவும் நானும் மரத்தடியில் பாய் விரித்துச் சோற்றுருண்டை சாப்பிட்டோம். காற்றில் பல் கிட்டியது. "பூப் பாக்க வந்தோமா, விறைக்க வந்தோமா" என்றாள்.

நாகுமோ முடி வெட்டிக்கொண்டாராம். குளிக்கப் போகிறவருக்கு முடி எதற்கு வெட்டவேண்டும்? அவருக்கு என்னைவிட நடுக்கம்.

மே 5, சனி

ஆண் பிள்ளைகள் நாள். காலையிலேயே வசம்பு இலைக் கட்டுகள் வந்தன. இன்று வசம்பு போட்ட வெந்நீரில் குளித்தால் வருஷம் முழுக்க நோய் அண்டாது என்று ஊரே வந்துவிடும். இலையை நீரில் போட்டதும் கட்டடம் முழுக்க அந்த வாசம். பிள்ளைகள் இலையைத் தலையில் கட்டிக்கொண்டு வாள் சண்டை.

நாலு மணிக்கு நாகுமோ வந்தார். நான் வேண்டுமென்றே பெண்கள் பக்கம் துண்டு அடுக்கப் போய்விட்டேன். கல்லாவில் அப்பா. காசு விழுந்த சத்தம் கேட்டது. "செருப்பு அந்தப் பெட்டியில" என்றார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கல்லாவை எனக்குக் கைகாட்டிவிட்டு, தானும் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வேலை நேரத்தில் அப்பா குளித்து நான் பார்த்ததே இல்லை!

இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கிற சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் கியோமி அக்கா கழுத்தளவு நீரில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஐயோ, கொதிக்குதே!" நாகுமோ குரல்.

"இது வெந்நீர். உங்க தொட்டியில வர்ற வெதுவெதுப்பு இல்ல." அப்பா.

"ஆமாங்க. இந்தச் சுகம் எங்க தொட்டியில வராதுங்க."

"காக்கா பிடிக்காதே." சில பேர் சிரித்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார். "கல்யாணம் ஆச்சுன்னா எங்க குளிப்பே?"

"இங்கதாங்க. வேற வழியில்ல. வீட்டுல தொட்டி வெச்சா சோறு கிடையாதுன்னு இப்பவே சொல்லிட்டாங்க."

ஆண்கள் பக்கம் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. இந்தப் பக்கம் கியோமி அக்கா நீரை அடித்து அடித்துச் சிரித்தாள். நான் கல்லாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்படி நான் சொன்னது நிஜம், போன இலையுதிர் காலத்தில், நூடுல்ஸ் கடையில். அப்பா மட்டும் சிரித்தாரா என்று தெரியவில்லை.

வெளியே வந்த நாகுமோ முகம் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்திருந்தது. அப்பா பின்னாலேயே வந்தார். "காலு ரொம்பச் சின்னது" என்றார் என்னைப் பார்த்து, நாகுமோ அங்கே நிற்கும்போதே. வேறு ஒரு வார்த்தை இல்லை. நாகுமோ குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

போச்சு, எல்லாம் போச்சு. இவ்வளவு தூரம் வந்து, காலு சின்னதாம்!

மே 6, ஞாயிறு

காலையில் வாடின வசம்பு இலைகளை அள்ளிக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார். காலில் கருநீலச் சாக்ஸ், இரண்டிலும்.

கையில் நேற்றைய செய்தித்தாள். விரித்துப் பலகையில் வைத்தார். அதில் இரண்டு கால் தடங்கள், ஈரம் காய்ந்து சுருங்கியிருக்கின்றன, ஓரத்தைச் சுற்றி அப்பாவின் தடிமனான பென்சில் கோடு. நான் கல்லாவில் தலை குனிந்திருந்தபோது, குளித்துவிட்டு வந்த ஈரத்தோடு நாகுமோவைத் தாளின் மேல் நிற்க வைத்தாராம். தபால்காரர் தோளைப் பிடித்துக்கொண்டாராம், ஆடாமல் இருக்க.

"பூட்ஸப் பாத்து அளவெடுத்தியாமே, அப்படியா எடுப்பாங்க? உனக்கு இத்தன வருஷம் என்னத்தச் சொல்லிக்கொடுத்தேன்?" என்றார். தாளை என் பக்கம் நகர்த்தினார். "இந்தா. மாப்பிள்ளை காலு. இத வெச்சுப் பின்னு. நான் போட்டிருக்கிறது எனக்கு, தர மாட்டேன்."

விறகு போடப் போய்விட்டார். நான் அங்கேயே, ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை.

இடது கால் வலதைவிடக் கொஞ்சம் நீளம். இரண்டாவது விரல் பெருவிரலைத் தாண்டி நிற்கிறது. கடை திறந்ததும் நூல் வாங்கப் போகவேண்டும்.